மலையில் எந்த லினக்ஸ் ஓடும்?

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "லினக்ஸ் போடணும்னா எது நல்லது?" தேடினால் ஆயிரம் பதில் கிடைக்கும். அந்தப் பதில்களை எழுதியவர்களின் மேசையில் 16 ஜிபி ராம் உள்ள கணினி இருக்கும். அறுபடாத இணையம் இருக்கும். கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்க இன்வெர்ட்டர் இருக்கும். எங்களிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால் ஜவ்வாது மலையில் நாங்கள் எதை ஓட்டிப் பார்த்தோம், எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை எழுதிவைக்கிறோம். கல்வராயனிலோ ஏலகிரியிலோ கொல்லிமலையிலோ, சமவெளியில் ஒரு காலனியின் இரவுப் பள்ளியிலோ வேலை செய்யும் தோழர்களுக்கு இது பயன்படலாம்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். வருபவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். விடுதி வார்டனிலிருந்து வங்கி ஊழியர் வரை எல்லோருக்கும் இதை விளக்கிச் சொல்லியே இந்தப் பிள்ளைகளின் பாதி வாழ்க்கை போய்விடுகிறது.) சாமை, புளி, தேன், மிச்ச மாதங்களில் வெளியூர்க் கூலி என்று ஓடும் குடும்பங்கள். கணினி இவர்களுக்குப் பொழுதுபோக்குப் பொருள் அல்ல. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும், சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடவும், வன உரிமைச் சட்டத்தின் படிவங்களை நிரப்பவும், கைதாகிப் போன அண்ணனின் வழக்குத் தாள்களை ஸ்கேன் செய்து வழக்கறிஞருக்கு அனுப்பவும் தேவைப்படும் பொருள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

படிப்பகத்தில் உள்ள கணினிகள்: அக்கா அண்ணன்களிடமிருந்து கைமாறி வந்த அரசு மடிக்கணினிகள், நகரத்து அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட சில மேசைக் கணினிகள். பேட்டரி எதிலும் உயிரில்லை. செல்பேசிச் சிக்னல் படிப்பகத்துக்குப் பின்னால் உள்ள பாறைமேல் ஏறினால் வரும்.

அரசு மடிக்கணினியிலிருந்தே தொடங்குவோம். 2011 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியபோது 'இலவச' என்று எழுதாமல் 'விலையில்லா' என்று எழுதினார்கள். அந்தச் சொல் மாற்றத்தைப் பலர் கேலி செய்தார்கள். எங்களுக்கு அது கேலியாகப் படவில்லை. ஓசியில் வாங்கித் தின்பவர்கள் என்று ரேஷன் வரிசையைப் பார்த்துச் சொல்பவர்களின் நாக்கை நன்றாக அறிந்தவர்கள் நாம். ஆனால் 'விலையில்லா' என்பதும் கொடுப்பவரின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் சொல்தான். கையில் வாங்கியவருக்கு அந்தப் பொருள்மீது என்ன உரிமை என்பதை அது சொல்வதில்லை. மென்பொருள் உலகில் இதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் சேர்த்துச் சுமப்பதால் அங்கே விளக்கம் சொல்லியே மாய்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓட்டலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கும் இருந்தால் கட்டற்றது. காசு கொடுத்து வாங்கினாலும் அது கட்டற்றதுதான். காசில்லாமல் கிடைத்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாவிட்டால் அது வெறும் இலவசம். மூல நிரல் இருக்கும் இடத்துக்குள் யார் போகலாம் என்ற கேள்வி, மூலவர் இருக்கும் இடத்துக்குள் யார் போகலாம் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டை போடும் ஊருக்குப் புரியாததல்ல.

அந்த மடிக்கணினிகளின் முதல் தொகுதிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸின் மிகக் குறைந்த பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தாது, திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று குடியிருப்பவர் முடிவு செய்ய முடியாத வீடு! பாஸ் இதற்கு நேர் எதிர். சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து உருவாக்கியது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது, இந்திய மொழிகளுக்காகவே 2007-இல் முதலில் வெளிவந்தது. தமிழில் மெனு, தமிழ் எழுத்துரு, தமிழ்த் தட்டச்சு எல்லாம் உள்ளேயே இருந்தன. ஆனாலும் எங்கள் அக்கா அண்ணன்களில் பாஸைத் திறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பாஸ் என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது சந்தானம் நடித்த படம்தான்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தோம். "சார் அதைத் தொடாதேன்னாங்க" என்பது பொதுவான பதில். சாரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு காலத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபிஸ் இருந்தது. பின்னர் 2018-இல் வந்த பாடத்திட்டத்தில் ஓப்பன் ஆபிஸும் உபுண்டுவும் இருக்கின்றன. பாடநூல் ஒருபுறம் போக, ஆய்வகம் வேறுபுறம் போனது. பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளின் பெயர்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு, சான்றிதழுக்காக நகரத்து கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி எம்.எஸ். ஆபிஸ் படித்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நிறுத்தப்பட்ட 2014 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தன் துறைகளையே பாஸுக்கு மாறச் சொன்னது. எத்தனை அலுவலகம் மாறியது என்பதை நீங்கள் அடுத்த முறை தாலுகா அலுவலகம் போகும்போது திரையை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. சி. உமாசங்கர், 1990-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ்., தலித் அதிகாரி. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தையே விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுக் கொள்முதலில் கட்டற்ற மென்பொருளுக்கு இடம் கேட்ட மிகச் சில அதிகாரிகளில் அவர் ஒருவர். 2010-இல் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சொல்லப்பட்ட காரணம் பொய்ச் சாதிச் சான்றிதழ். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் தலையிட்டது. அதே ஆண்டில் நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பிற்கால நடவடிக்கைகளோடு நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஆனால் இருபது ஆண்டு பணி செய்த ஓர் ஆட்சிப் பணி அதிகாரியை அடிக்க, நினைத்தவுடன் கையில் எடுக்க முடிந்த தடி எது என்று பாருங்கள். எங்கள் மலைப் பிள்ளைகள் அந்தத் தடியைப் பதினைந்து வயதிலேயே பார்த்துவிடுகிறார்கள். பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயர் தருமபுரி, வட ஆற்காடு, சேலம் என்று பழைய மாவட்டப் பெயர்களோடு கட்டி எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாவட்டங்கள் உடைந்து புதுப்பெயர் பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. சான்றிதழ் தர வேண்டியவர் கோட்டாட்சியர் நிலை அதிகாரி. தாத்தாவின் பத்திரம் எங்கே, அப்பாவின் சான்றிதழ் எங்கே என்ற விசாரணை முடிவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். இந்த இயங்குதளங்களுக்கெல்லாம் பாட்டன் யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதன் வழியில் இரண்டு கிளை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும், 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் சேர்ந்தது ஒரு கிளை. டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ் எல்லாம் இதில் வருபவை. பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பி.எஸ்.டி. மற்றது. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இதில் அடக்கம்.

உபுண்டுவைத்தான் முதலில் போட்டோம். எல்லோரும் சொல்வது அதுதானே. அழகாக இருந்தது, ஒலி, வைஃபை எல்லாம் சொல்லாமலே வேலை செய்தன. ஆனால் 2 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் அது மூச்சுத் திணறியது, 4 ஜிபி இருந்தாலும் ஏதோ ஓடும் என்ற அளவுதான். அதைவிடப் பெரிய சிக்கல், அதன் ஸ்நாப் செயலிகள் கேட்காமலேயே தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. சென்னையில் அது நல்ல பழக்கம். இங்கே ஒரு நாளுக்குரிய டேட்டா முழுவதும் கால் மணி நேரத்தில் காலி. அந்த டேட்டாவில்தான் ஒரு பெண் உதவித்தொகை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க உட்கார்ந்திருந்தாள்.

லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழல் உள்ள பதிப்பு, பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனது. விண்டோஸ் 7 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இடக்கீழ் மூலையில் மெனு இருந்தால் போதும், மீதியைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஸ்நாப் இதில் இயல்பாக இல்லை. புதுப்பிக்கவா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். 4 ஜிபி ராம் உள்ள கணினிகளில் இன்றும் இதுதான் ஓடுகிறது.

2 ஜிபி கணினிகளுக்கு டெபியன். 1993-லிருந்து தன்னார்வலர்கள் கட்டிக் காத்து வருவது, பின்னால் முதலாளி என்று ஒருவர் இல்லாதது. அதன் டிவிடி கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தால், சிக்னலே இல்லாத ஊரில் இணையத்தைத் தொடாமல் திரைச்சூழல், லிப்ரே ஆபிஸ், உலாவி எல்லாவற்றையும் நிறுவலாம். பாறைமேல் ஏற வேண்டியதில்லை என்ற இந்த ஒரு குணத்துக்காகவே எங்கள் ஓட்டு டெபியனுக்கு. முன்பு வைஃபை சில்லுகளுக்கான மூடிய நிரல்களை டெபியன் தன் நிறுவல் கோப்பில் சேர்க்காது, கொள்கை அப்படி. 2022-இல் அவர்களுக்குள் வாக்கெடுப்பு நடத்திச் சேர்க்க முடிவு செய்தார்கள். 2023-இல் வந்த டெபியன் 12-லிருந்து அந்தத் தலைவலியும் குறைந்தது. கொள்கைக்கும் பயன்பாட்டுக்கும் இடையே ஓர் அமைப்பு எப்படி வாக்கெடுத்து முடிவு செய்கிறது என்பதற்காகவே அந்த விவாதத்தைத் தேடிப் படியுங்கள், நம் அமைப்புகளுக்கும் உதவும். 32 பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கான நிறுவி கிடையாது. 12-ஐப் போடுங்கள், அல்லது ஆன்டிஎக்ஸ் பாருங்கள்.

ஒன்றைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறோம். எந்த லினக்ஸ் என்று மூன்று நாள் விவாதிப்பதைவிட, ஒரு பழைய ராம் துண்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் வாங்கிப் போடுவது மேல். இயங்குதளம் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. உலாவியில் அரசு இணையதளம் ஒன்றைத் திறந்தால்தான் கணினி படுத்துக்கொள்கிறது.

ஃப்ரீபிஎஸ்டியை எங்களில் ஒருவர் பிடிவாதமாக ஒரு மேசைக் கணினியில் போட்டார். அதன் கையேடு மிக நன்றாக எழுதப்பட்டது, யூனிக்ஸ் என்றால் என்னவென்று கற்க விரும்பும் மாணவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நிறுவி முடித்தால் கறுப்புத் திரையும் மினுக்கும் கோடும்தான் வரும், திரைச்சூழலை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். வைஃபை எடுக்கவில்லை, செல்பேசியைக் கம்பியில் இணைத்துச் சமாளித்தார். எல்லாம் ஆன பிறகு மாதக்கணக்கில் அசையாமல் ஓடியது. பழைய வினாத்தாள்களையும் பாடநூல் பிடிஎஃப்களையும் மற்ற கணினிகளுக்குப் பகிரும் பெட்டியாக வைத்திருந்தோம். பிறகு அதையும் டெபியனாக்கினோம். காரணம் தொழில்நுட்பம் அல்ல. அவர் ஒருவருக்கு மட்டுமே அது தெரியும், அவர் ஊருக்குப் போனால் பெட்டி ஊமை. ஒருவரை மட்டும் நம்பியிருக்கும் எந்தக் கருவியும் அமைப்புக்கு ஆகாது.

ஆனால் பி.எஸ்.டி.யும் லினக்ஸும் பிரியும் இடம் இதுவல்ல, உரிமம். பி.எஸ்.டி. உரிமம் சொல்வது: எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய், மூடிவைத்து விற்றாலும் சரி, எழுதியவர் பெயரை மட்டும் விட்டுவை. சோனியின் பிளேஸ்டேஷன் 4 ஃப்ரீபிஎஸ்டியின் மேல் கட்டப்பட்டது. அதை வாங்கிய பிள்ளை அதன் உள்ளே எதையும் தொட முடியாது. லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் ஒரு நிபந்தனை போடுகிறது: நீ மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், உனக்குக் கிடைத்த அதே உரிமையோடு, மூல நிரலோடு கொடு. படிப்பகத்தில் இதை விளக்கும்போது நாங்கள் பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்கிறோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்க உத்தரவானபோது, அந்த நிலத்தைப் பிற சாதியினருக்கு விற்க முடியாது என்று நிபந்தனை எழுதினார்கள். நிபந்தனையே இல்லாத பட்டா அதிக சுதந்திரமாகத் தெரியும். ஆனால் கடன்காரனும் மிராசுதாரனும் இருக்கும் ஊரில் அந்தச் சுதந்திரம் யார் கையில் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியும். ஜிபிஎல்லின் நிபந்தனை அந்த வகையைச் சேர்ந்தது, பொதுவில் வைத்தது பொதுவிலேயே இருக்க வேண்டும் என்பது.

பிள்ளைகளில் ஒருத்தி உடனே கேட்டாள்: "நிபந்தனை இருந்தும் பஞ்சமி நிலம் போச்சே அக்கா?" போனதுதான். லட்சக்கணக்கான ஏக்கரைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். காரணையில் 1994 அக்டோபரில் அதற்காகப் போராடியவர்களில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ஜிபிஎல்லையும் மீறுகிறார்கள். லினக்ஸ் கருவை உள்ளே வைத்துக்கொண்டு மூல நிரலைத் தராத செல்பேசிகளும் மோடம்களும் சந்தையில் ஏராளம். தாளில் எழுதிய நிபந்தனையை வைத்துக்கொண்டு யாராவது வழக்குப் போட வேண்டும். ஜெர்மனி நீதிமன்றங்களில் போட்டு வென்றிருக்கிறார்கள். நிலமோ நிரலோ, அந்தப் பாகத்தில் வேறுபாடு இல்லை.

இனி ஓடாதவை. இதைச் சொல்லாமல் லினக்ஸைப் பரிந்துரைப்பவர்களை நம்பாதீர்கள். ஊரெங்கும் ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் ஒரு சிறிய லேசர் பிரிண்டர் எங்களுக்கும் நன்கொடையாக வந்தது. லினக்ஸில் அதை அச்சடிக்க வைக்க நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. வாங்குவதற்கு முன்பே லினக்ஸில் ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள். கைரேகை வைக்கும் ஆதார் கருவிகளுக்குப் பெரும்பாலும் விண்டோஸும் ஆண்ட்ராய்டும்தான். அரசு அலுவலகங்களிலிருந்து வரும் பழைய தமிழ்க் கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இது லினக்ஸின் குற்றமல்ல, ஒருங்குறியைப் பயன்படுத்த 2010-லேயே ஆணை போட்டுவிட்டுப் பழையதிலேயே தட்டிக்கொண்டிருந்தவர்களின் குற்றம். பார்வையற்ற மாணவர் யாராவது உங்களோடு இருந்தால் அவருடைய கணினியை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விண்டோஸில் ஓடும் என்விடிஏ திரைவாசிப்பானும் கட்டற்ற மென்பொருள்தான், லினக்ஸின் ஆர்க்காவைவிடப் பலருக்கு அது கைவந்தது.

தமிழ்த் தட்டச்சு எல்லா வழங்கல்களிலும் ஒழுங்காக இருக்கிறது. ஐபஸ் நிறுவி, தமிழ்99 தேர்ந்தால் போதும். தமிழ் மெனுவைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. 'கோப்பு', 'தொகு', 'ஒட்டு' என்று திரை முழுவதும் தமிழாக மாற்றிக் கொடுத்தோம். இரண்டாம் நாளே பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். "ஃபைல்னா புரியுது அண்ணா, இது தேர்வு மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். தமிழாக்கம் செய்யும் தன்னார்வலர்களின் உழைப்புக்கு வணக்கம். ஆனால் யாருடைய தமிழ் என்ற கேள்வியும் இருக்கிறது. மலையில் பேசும் தமிழுக்கு அந்தச் சொற்கள் ஆங்கிலத்தைவிடத் தூரம். எங்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, பாடநூல் தமிழும் பழகத்தானே வந்தது என்கிறார்கள்.

கேரளத்தைப் பாருங்கள் என்று சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது, ஆனால் இதில் பார்க்கத்தான் வேண்டும். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே க்னூ/லினக்ஸில் நடக்கிறது. தங்களுக்கென ஒரு வழங்கலை உபுண்டுவிலிருந்து செய்து வைத்திருக்கிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுச் செய்தார்கள், வித்தியாசம் அதுதான். பெங்களூருவின் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் அப்பகுதி மக்களோடு சேர்ந்து நடத்திய மையத்தின் பெயர் அம்பேத்கர் சமூகக் கணினி மையம். அங்கத்துப் பிள்ளைகள் கிம்ப்பில் ஓவியம் வரைந்தார்கள். பெரிய நிதியில்லாமல் பழைய கணினிகளை வைத்துச் செய்தது. தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைத் தோழர்களும், 2012-லிருந்து கணியம் இதழும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், மலைக்கும் வருவார்கள்.

ஆனால் கட்டற்ற மென்பொருள் உலகம் சாதியற்ற உலகம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 2020-இல் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவருக்கு நடந்த பாகுபாடு பற்றி கலிஃபோர்னியா அரசே வழக்குத் தொடுத்தபோது, அமெரிக்க மென்பொருள் துறையில் சாதி உண்டா என்று வியந்தவர்கள் பலர். நமக்கு வியப்பில்லை. நிரல் திறந்திருப்பதும் அறை திறந்திருப்பதும் வேறு வேறு. லினக்ஸ் கூட்டங்களில் எங்கள் பிள்ளைகளிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி "எந்த காலேஜ்?" என்பது. இரண்டாவது கேள்வியும் ஏறக்குறைய அதே நோக்கம்தான். ஆங்கிலக் கையேட்டைக் காட்டி "போய்ப் படித்துவிட்டு வா" என்பதும் ஒரு வாசல் காவல்தான். அதனால்தான் நாங்கள் கற்றதைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவைக்கச் சொல்கிறோம். அடுத்த ஆண்டு வரும் பிள்ளை முதலில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டட்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சன், சுரேந்திர காட்லிங் ஆகியோரின் கணினிகளுக்குள் நெட்வயர் என்ற தீநிரல் மூலம் புகுந்து கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று அர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021-இல் அறிக்கை கொடுத்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காகவே வாழ்ந்து, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே இறந்துபோன ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் அப்படியே நடந்தது என்று அடுத்த ஆண்டு அதே நிறுவனம் சொன்னது. புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. நமக்கான பாடம் எளிது. பழங்குடி உரிமை பேசுகிறவரின் மேசையில் இருக்கும் கணினி ஒரு சாட்சிக் கூண்டு. லினக்ஸ் போட்டால் காப்பாற்றிவிடும் என்று நினைக்காதீர்கள், அது தாயத்து அல்ல. நெட்வயர் லினக்ஸுக்கும் உண்டு என்றுதான் விற்றார்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் திறக்காமல் இருப்பது, வட்டை மறையாக்கம் செய்வது, புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடாமல் இருப்பது, இவை எந்த இயங்குதளத்திலும் செய்ய வேண்டியவை. டெபியனிலும் மின்டிலும் நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்ய முடியும். வழக்குத் தாள்கள் இருக்கும் கணினியில் கட்டாயம் செய்கிறோம். திருட்டு விண்டோஸைப் பென்டிரைவில் வாங்கிப் போடுபவர்கள் அதற்குள் வேறு என்ன வந்தது என்று அறிய வழியே இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், 10-க்கு 2025 அக்டோபரோடும் வழக்கமான ஆதரவு முடிந்தது. 11 நம் பழைய கணினிகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இதே மலையில், திருப்பத்தூர் பக்கம் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர்கள் விண்மீன் ஒளியை அலசப் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் பயன்படுத்திய ஐராஃப் மென்பொருள் பெரும்பாலும் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் ஓடியது. ஆக, இந்த மலைக்கு யூனிக்ஸ் புதிதல்ல. வேலிக்கு வெளியே வரத்தான் இத்தனை காலம் எடுத்திருக்கிறது. இப்போது படிப்பகத்தில் இரவில் ஸ்டெல்லேரியத்தைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இணையமில்லாத நாள்களுக்குக் கிவிக்ஸில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் இறக்கி வைத்திருக்கிறோம்.

இந்த மாதம் ஓடிக்கொண்டிருக்கும் வேலை வேறு. வன உரிமைச் சட்டத்தின் சமூக வன வள உரிமைக்கான படிவம் 'சி'-க்கு ஊரின் எல்லை வரைபடம் வேண்டும். பெரியவர்கள் முன்னால் நடக்க, பிள்ளைகள் செல்பேசி ஜிபிஎஸ்ஸோடு பின்னால் நடக்கிறார்கள். ஓடை, தேன் பாறை, சாமி மரம், பழைய சுடுகாடு என்று ஒவ்வொன்றாகக் குறித்து வந்து கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றுகிறார்கள். டெபியன் போட்ட ஒரு அரசு மடிக்கணினியில்தான் அது ஓடுகிறது. ஒவ்வொரு அடுக்கும் திறக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகிறது. கிழக்கு எல்லை ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் இரண்டு தாத்தாக்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் போட்டு, போளூர் பஸ்ஸில் ஒருவர் போய்ப் பெரிய தாளில் அச்சடித்து வர வேண்டும். கிராம சபைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.